ஈஸ்ட் போடாத பீர்... இனிப்பு தராத திராட்சை!

பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸல்ஸ். தெற்கு ரயில் நிலையத்தில் இறங்கி கால் மணி நேரம் நடந்தால், ஆண்டர்லெக்ட் பகுதியில் ஒரு பழைய கட்டடம் வரும். வெளியிலிருந்து பார்த்தால் யாரோ பூட்டிப்போட்ட குடோன் என்றுதான் நினைப்போம். உள்ளே ஓக் மரப் பீப்பாய்கள் வரிசை வரிசையாகப் படுத்திருக்கும். உத்தரத்திலும் பீப்பாய் இடுக்குகளிலும் ஒட்டடை தொங்கும். அதை யாரும் துடைப்பதில்லை. சிலந்தியைக் கொல்லவும் விடுவதில்லை.

அது சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். பழம் ஊறுகிற இடத்துக்குப் பழ ஈக்கள் படையெடுக்கும். பீப்பாய்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் அறையில் பூச்சிமருந்து தெளிக்க முடியாது. ஆகவே ஈ பிடிக்கும் வேலையைச் சிலந்திகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். சம்பளமில்லாத காவல்காரர்கள்!

இது கான்டியோன் பீர் ஆலை. 1900-ல் தொடங்கியது. பால் கான்டியோன் ஆரம்பித்ததை இன்று அவருடைய வாரிசுகளான வான் ராய் குடும்பம் நடத்துகிறது. இங்கே தயாராவது 'லாம்பிக்' என்ற புளிப்பு பீர். அதில் சில வகைகளில் ஒயின் திராட்சையை ஊறப்போடுகிறார்கள். தித்திக்கும் திராட்சையைக் கொட்டி ஊறவைத்தும், கடைசியில் கிடைக்கும் பானத்தில் துளிகூட இனிப்பு இருப்பதில்லை. அந்த இனிப்பு எங்கே போகிறது? அதைத் தெரிந்துகொள்ள முதலில் லாம்பிக்கின் கதையைப் பார்க்க வேண்டும்.

இட்லி மாவுக்கு யார் ஈஸ்ட் போட்டார்கள்?

சாதாரண பீர் ஆலையில் எல்லாம் கணக்குப்படி நடக்கும். முளைகட்டிய பார்லியைச் சுடுநீரில் ஊறவைத்து, அதிலிருந்து இனிப்பான சாற்றை எடுப்பார்கள். ஹாப்ஸ் என்ற பூவைச் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். ஆறியதும் ஆய்வகத்தில் வளர்த்த ஈஸ்ட்டைக் கலப்பார்கள். வெளியிலிருந்து வேறு கிருமி எதுவும் நுழைந்துவிடாமல் மூடிவைப்பார்கள். சில வாரங்களில் பீர் தயார்.

லாம்பிக்கில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. காற்றிலும் மரத்திலும் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் தாமாக வந்து இறங்கி, தாமாகப் புளிக்க வைக்கின்றன. நமக்கு இது புதிய சங்கதி இல்லை. இட்லி மாவுக்கு நம் பாட்டி எந்தக் கடையில் ஈஸ்ட் வாங்கினார்? உளுந்திலும் அரிசியிலும் இயல்பாக ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் இரவோடு இரவாக மாவைப் பொங்கவைக்கின்றன. அதே தத்துவம்தான் அங்கேயும். நமக்கு ஓர் இரவு, அவர்களுக்கு மூன்று வருடம். வித்தியாசம் அவ்வளவுதான்!

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மார்கழிக் குளிரில் மாவு புளிக்கவில்லை என்று நாம் பாத்திரத்துக்குத் துணி சுற்றி வைப்போம். பிரஸ்ஸல்ஸ்காரர்கள் அந்தக் குளிருக்காகத்தான் தவம் கிடக்கிறார்கள்.

லாம்பிக் பிறந்த ஊர் என்றால் பிரஸ்ஸல்ஸும், அதன் தென்மேற்கில் சென்னே ஆற்றை ஒட்டிய பயோட்டன்லாந்து கிராமங்களும்தான். 16-ம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் ப்ரூகல் தன் ஓவியங்களில் வரைந்தது இந்த வட்டார மக்களைத்தான். 'குருடர்களின் உவமை' என்ற அவருடைய புகழ்பெற்ற ஓவியத்தின் பின்னணியில் இருக்கும் தேவாலயம், சின்ட் அன்னா பேடே என்ற கிராமத்தில் இன்றைக்கும் நிற்கிறது.

பரணில் ஓர் இரவு

லாம்பிக்கில் பார்லி மூன்றில் இரண்டு பங்கு என்றால், முளைகட்டாத கோதுமை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இதில் போடும் ஹாப்ஸும் விசேஷமானது. மற்ற ஆலைகள் புதிய ஹாப்ஸை அதன் கசப்புக்காகவும் மணத்துக்காகவும் விலை கொடுத்து வாங்கும். இவர்களோ அதை மூன்று வருடம் காயவிட்டு, கசப்பெல்லாம் போன பிறகு எடுத்துப் போடுகிறார்கள். காரணம், ஹாப்ஸுக்கு பீரைக் கெடாமல் காக்கும் குணமும் உண்டு. கசப்பு கரைந்துபோனாலும் அந்தக் குணம் தங்கிவிடுகிறது. வருடக்கணக்கில் பீப்பாயில் கிடக்கப்போகும் பானத்துக்கு அதுதான் தேவை.

பல மணி நேரம் கொதித்த சாற்றைக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் பரணுக்கு ஏற்றுகிறார்கள். அங்கே செம்புத் தகட்டாலான, ஆழமில்லாத, அகலமான தொட்டி ஒன்று இருக்கிறது. பெயர் 'கூல்ஷிப்'. கான்டியோனில் இருப்பது சுமார் 7,500 லிட்டர் பிடிக்கும். தொட்டிக்கு மூடி கிடையாது. பரணின் பக்கவாட்டுச் சட்டங்களைத் திறந்துவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இரவுக் காற்று உள்ளே வந்து சாற்றை ஆறவைக்கும். அந்தக் காற்றோடு காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வந்து இறங்கும்.

இதற்கு இரவின் வெப்பநிலை சரியாக அமைய வேண்டும். வெயில்காலத்தில் காற்றில் நுண்ணுயிரிகளின் கூட்டம் அதிகம். பீரை வினிகராக்கிவிடும் ஆசாமிகளும் அதில் இருப்பார்கள். சாறும் விடிவதற்குள் ஆறாது. அதனால் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரையிலான குளிர்மாதங்களில் மட்டும்தான் காய்ச்சுவார்கள்.

பீப்பாய்க்குள் நான்கு பந்தி

விடிந்ததும் ஆறிய சாறு மரப் பீப்பாய்களுக்குப் போகிறது. அங்கே நடப்பது கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. ஒரு கூட்டம் சாப்பிட்டு எழுந்ததும் அடுத்த கூட்டம் உட்காரும்.

முதல் பந்தியில் குடல்வகை பாக்டீரியாக்கள் உட்காருகின்றன. இந்தக் கட்டத்தில் அதைக் குடிக்கக் கூடாது. புளிப்பும் ஆல்கஹாலும் ஏறத் தொடங்கியதும் இவை தாமாகவே செத்துப்போகும். இரண்டாவது பந்தி, நமக்குப் பழக்கமான ஈஸ்ட் குடும்பம். நுரை பொங்கி பீப்பாயின் வாய் வழியே வழியும். சர்க்கரையின் பெரும்பகுதி ஆல்கஹாலாக மாறுவது இப்போதுதான். மூன்றாவதாக வருவது பீடியோகாக்கஸ். நம் தயிரில் இருக்கும் அதே லாக்டிக் அமிலத்தைத் தயாரிக்கும் பாக்டீரியா இது. லாம்பிக்கின் கூரிய புளிப்புக்கு இதுதான் காரணம்.

கடைசிப் பந்தி பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட்டுக்கு. மற்றவர்கள் தொடாமல் விட்ட கடினமான சர்க்கரைகளைக்கூட இது மாதக்கணக்கில் பொறுமையாகத் தின்று தீர்க்கும். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காது. 1921-ல் லாம்பிக்கிலிருந்து பிரித்தெடுத்த இதன் ஓர் இனத்துக்கு பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பீப்பாயிலேயே ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் என இருந்த லாம்பிக்குகளை அளவு பார்த்துக் கலந்து, பாட்டிலில் மறுபடி புளிக்கவிட்டால் அதற்குப் பெயர் 'கூஸ்'. பழைய சரக்கு சுவையைத் தருகிறது. இளசு, மிச்சமிருக்கும் சர்க்கரையால் நுரையைத் தருகிறது. எந்தப் பீப்பாயை எதோடு கலப்பது என்பதற்குச் சூத்திரம் இல்லை. நாக்குதான் அளவுகோல்.

செர்ரி இருந்த இடத்தில் திராட்சை

லாம்பிக்கில் பழம் ஊறப்போடுவது பழைய வழக்கம். புளிப்புச் செர்ரி போட்டால் 'கிரீக்'. பிரஸ்ஸல்ஸின் ஸ்கார்பேக் பகுதிச் செர்ரி அதற்குப் பேர்போனது. ராஸ்பெர்ரியும் போடுவார்கள். ஆனால் செர்ரியும் ராஸ்பெர்ரியும் தாமே புளிப்புப் பழங்கள். புளிப்போடு புளிப்பு சேர்ந்தது. திராட்சை அப்படி இல்லை. நன்றாகப் பழுத்த ஒயின் திராட்சையின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை!

கான்டியோன் இரண்டு விதமாகத் திராட்சை போடுகிறது. ஒன்று 'வினியரோன்'. பிரெஞ்சில் 'திராட்சைத் தோட்டக்காரி' என்று அர்த்தம். இதற்கு இத்தாலியிலிருந்து வரும் வெள்ளை மஸ்கட் திராட்சை. இன்னொன்று 'சேன் லாம்வினுஸ்'. இதற்கு மெர்லோ போன்ற கறுப்பு ஒயின் திராட்சை. பிரான்ஸின் புகழ்பெற்ற ஒயின் ஊரான சேன் எமிலியோனையும் லாம்பிக்கையும் முடிச்சுப் போட்டு வைத்த வேடிக்கைப் பெயர். அப்படி ஒரு புனிதர் எந்தக் காலண்டரிலும் கிடையாது!

திராட்சை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். பழம் பழுத்தபின் காத்திருக்காது. அதனால் இரண்டு வருடம் முதிர்ந்த லாம்பிக் அந்த நேரத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். அதாவது, இந்த வருடத் திராட்சைக்கான பீரை இரண்டு குளிர்காலத்துக்கு முன்பே காய்ச்சி வைத்திருக்க வேண்டும். பழத்தை அதில் கொட்டியதும், பட்டினி கிடந்த ஈஸ்ட்டுகள் விழித்துக்கொள்கின்றன. திராட்சைத் தோலில் ஒட்டி வந்த காட்டு ஈஸ்ட்டும் சேர்ந்துகொள்ளும். சில மாதங்கள் ஊறிய பிறகு வடித்து, கொஞ்சம் இளம் லாம்பிக் சேர்த்து பாட்டிலில் அடைப்பார்கள்.

இனிப்பு போனது... மணம் நின்றது!

இப்போது நம் கேள்விக்கு வருவோம். திராட்சையின் சர்க்கரையைப் பூராவும் ஈஸ்ட் தின்றுவிடுகிறது. அது ஆல்கஹாலாகவும் வாயுவாகவும் மாறிவிடுகிறது. வழக்கமாக 5 சதவிகிதம் சுற்றியிருக்கும் ஆல்கஹால் திராட்சை சேர்ந்ததும் 6 சதவிகிதம், அதற்கு மேலும் போகிறது. நாக்குக்கு இனிப்பு மிஞ்சுவதில்லை. மிஞ்சுவது மணமும், தோலிலிருந்து இறங்கிய நிறமும் துவர்ப்பும்தான்.

மஸ்கட்டின் மணம் லேசுப்பட்டதில்லை. உலகிலேயே பழமையான திராட்சைக் குடும்பங்களில் அது ஒன்று; 200-க்கும் மேற்பட்ட வகைகள். அதன் வாசனைக்குக் காரணமான லினலூல்தான் நம் வீட்டுக் கொத்தமல்லி விதையின் வாசனைக்கும் காரணம். இன்னொரு வாசனைப் பொருளான ஜெரானியோல், ரோஜாவில் இருப்பது.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த வாசனைப் பொருட்களில் பெரும்பகுதி பழத்துக்குள் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும். அந்த நிலையில் அவற்றுக்கு மணம் கிடையாது. பூட்டிய பெட்டிக்குள் வைத்த அத்தர் மாதிரி. பிரெட்டனோமைசஸில் சில வகைகளுக்கு அந்தப் பூட்டைத் திறக்கும் என்சைம் உண்டு. அவை சர்க்கரையைத் தின்னும்போது மணம் விடுதலையாகிறது.

இத்தனைக்கும் ஒயின் தயாரிப்பவர்களுக்கு பிரெட்டனோமைசஸ் என்றால் பரம விரோதி. அது புகுந்த ஒயினில் குதிரைச் சேணத்தின் வாடையும் லாயத்து வாடையும் அடிக்கும். பீப்பாயையே தூக்கிப் போட்டவர்கள் உண்டு. ஒயின்காரர் வாசலில் விரட்டுகிற அதே ஆசாமிக்கு, பத்துத் தெரு தள்ளி பீர்காரர் வீட்டில் மாப்பிள்ளை மரியாதை!

கண்ணாடி கிராமமும் கம்பம் பள்ளத்தாக்கும்

'பெல்ஜியத்துக்குத் திராட்சை இத்தாலியிலிருந்துதான் வர வேண்டுமா, அங்கே விளையாதா?' என்று கேட்கலாம். விளைந்தது. அதுவும் பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்திலேயே.

நகரத்தின் தென்கிழக்கில் ஹுய்லார்ட், ஓவரைசா என்று இரண்டு ஊர்கள். 1865-ல் ஃபெலிக்ஸ் சோஹி என்பவர் ஹுய்லார்டில் கண்ணாடி வீடு கட்டி, உள்ளே கொடி ஏற்றி, திராட்சையை விளைவித்துக் காட்டினார். பார்த்தவர்கள் எல்லோரும் கட்டத் தொடங்கினார்கள். உச்சகட்டத்தில் அந்த வட்டாரத்தில் 30,000-க்கும் அதிகமான கண்ணாடி வீடுகள். ஹுய்லார்டுக்கு 'கண்ணாடி கிராமம்' என்றே பெயர் வந்தது. பிறகு ஐரோப்பியப் பொதுச்சந்தை திறந்தது. வெயிலில் இலவசமாக விளைந்த இத்தாலியப் பழம் குறைந்த விலையில் வந்து இறங்கியது. 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது, கண்ணாடி வீட்டைச் சூடாக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை. இன்று மிஞ்சியிருப்பது ஒரு சிலதான். அந்தத் திராட்சைக்கு இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் இடம்சார்ந்த பெயர்ப் பாதுகாப்பு உண்டு.

அந்தக் கண்ணாடி வீடுகளில் வளர்ந்த கொடிகளில் ஃபிராங்கென்டால், அலெக்ஸாண்ட்ரியா மஸ்கட் என்ற இரண்டும் உண்டு. இந்த இரண்டு வகைகளும் கலந்து பிறந்ததுதான் 'மஸ்கட் ஹாம்பர்க்' என்ற கறுப்புத் திராட்சை. இதை நீங்கள் நிச்சயம் சாப்பிட்டிருப்பீர்கள். நம்மூரில் அதற்குப் பெயர் பன்னீர் திராட்சை! 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கம்பம் பன்னீர் திராட்சைதான். தேனி மாவட்டத்துச் சந்தையில் கூடையைத் திறந்ததும் ரோஜா வாசம் அடிக்கிறதே, அதுவும் பிரஸ்ஸல்ஸ் பீப்பாயில் ஊறும் மஸ்கட்டின் வாசமும் ஒரே குடும்பச் சொத்து.

ஒரு தெர்மோஸ்டாட் செய்த வேலை

மூன்று வருடம் காத்திருந்து செய்யும் தொழிலில் நஷ்டம் வந்தால், மூன்று வருடமும் சேர்ந்து போகும். பேர்செல் ஊரின் 'த்ரீ ஃபோன்டெய்னன்' நிறுவனத்துக்கு அது நடந்தது.

1953-லிருந்து டிபெல்டர் குடும்பம் நடத்தி வந்த இடம் அது. 2009 மே மாதம், பாட்டில் கிடங்கின் தெர்மோஸ்டாட் பழுதானது. இதமான சூட்டில் இருக்க வேண்டிய அறையில் வெப்பக்காற்று நிற்காமல் அடித்து, வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது. ஆயிரக்கணக்கான பாட்டில்கள் வெடித்துச் சிதறின. வெடிக்காமல் நின்றவற்றிலும் பல பத்தாயிரம் பாட்டில்களில் இருந்த பீர் வெந்து கெட்டுப்போனது. உரிமையாளர் அர்மான்ட் டிபெல்டர் கடையை மூடும் நிலைக்கு வந்துவிட்டார்.

அப்போது நண்பர்களும் ரசிகர்களும் திரண்டு வந்தார்கள். கெட்டுப்போன பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றினார்கள். அந்த பீரைக் காய்ச்சி வடித்து ஒரு சாராயமாக்கி, அதற்கு அர்மான்டின் பெயரையே வைத்து விற்றார்கள். மிச்சமிருந்த லாம்பிக்கில் நான்கு பருவங்களின் பெயரில் நான்கு கூஸ் கலந்தார். நிறுவனம் பிழைத்தது. சில வருடங்களில் மறுபடி சொந்தமாகக் காய்ச்சத் தொடங்கியது. அர்மான்ட் 2022-ல் காலமானார். அவர் முன்னின்று 1997-ல் உருவாக்கிய 'ஹோரால்' என்ற லாம்பிக் தயாரிப்பாளர் சங்கம் இன்றும் இயங்குகிறது.

இந்த ஒட்டுறவுக்குப் பின்னால் ஒரு பயம் உண்டு. பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தில் ஒருகாலத்தில் எங்கும் இருந்த லாம்பிக் ஆலைகள், மக்களின் நாக்கு இனிப்புப் பானங்களுக்குப் பழகப் பழக ஒவ்வொன்றாக மூடின. பலர் லாம்பிக்கில் சர்க்கரையும் பழச்சாறும் கலந்து விற்றார்கள். கான்டியோனின் ஜான் பியர் வான் ராய், ஆலையைக் காப்பாற்ற 1978-ல் அதையே அருங்காட்சியகமாக்கித் திறந்துவிட்டார். வேலை நடந்துகொண்டே இருக்கும். மக்கள் காசு கொடுத்து வந்து பார்க்கலாம். அந்த யோசனை பலித்தது. இப்போது உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். 2016-ல் பெல்ஜியத்தின் பீர் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பியர் டில்கான் போன்ற புதியவர்கள் தொழிலுக்கு வந்து பினோ நுவார், கெவூர்ஸ்ட்ராமினர் எனத் திராட்சை வகைகளைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

குளிரைக் காணோம்!

வாடிக்கையாளர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். இப்போது குளிர் போய்க்கொண்டிருக்கிறது.

2015 நவம்பரில் பிரஸ்ஸல்ஸின் இரவுகள் வழக்கத்துக்கு மாறாக வெதுவெதுப்பாக இருந்தன. கான்டியோன் காய்ச்சுவதையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. இப்போது ஆலையை நடத்தும் ஜான் வான் ராயின் தாத்தா காலத்தில் அக்டோபர் நடுவில் அடுப்பு பற்றவைத்தால் மே வரை காய்ச்சுவார்களாம். பேரனுக்கு அப்படி ஒரு நீண்ட சீசன் வாய்த்ததே இல்லை. முன்பக்கம் சில வாரம், பின்பக்கம் சில வாரம் என்று பருவம் இரண்டு முனையிலும் தேய்கிறது.

'ஏசி போட்டு ஆறவைத்தால் ஆயிற்று' என்று தோன்றும். சாறு ஆறும். ஆனால் அந்தப் பரணுக்கு வரும் இரவுக் காற்றை எந்த இயந்திரம் தரும்? எந்தக் கிருமி முதலில் இறங்க வேண்டும், எது வரவே கூடாது என்பதைத் தீர்மானிப்பது அந்தக் குளிர்தானே. திராட்சைப் பக்கமும் இதே கதை. வெப்பம் கூடக்கூட ஐரோப்பாவில் திராட்சை சீக்கிரமே பழுக்கிறது, சர்க்கரையும் கூடுகிறது. ஒரு பக்கம் பழம் முந்துகிறது. மறுபக்கம் பீர் பிந்துகிறது.

வினியரோன் பாட்டில் ஒன்றில் என்னென்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வருடம் பழையதான ஹாப்ஸ். இரண்டு குளிர்காலத்துக்கு முந்தைய ஓர் இரவுக் காற்று. ஓர் இத்தாலிய வெயில்காலம். பிறகு, எதையும் அவசரப்படுத்தாமல் காத்திருந்த சில மனிதர்கள். ஹாப்ஸை மறுபடி விளைவிக்கலாம், பீப்பாயை மறுபடி செய்யலாம். அந்த இரவுக் குளிரை மட்டும் யாரும் செய்து தர முடியாது. அடுத்த தலைமுறை அந்தப் பரணின் சட்டங்களைத் திறக்கும்போது என்ன காற்று உள்ளே வரும் என்பது, பிரஸ்ஸல்ஸ்காரர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை.

(மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு.)